மூதாட்டியர் கீழே விழும் அபாயம்: முன்கூட்டியே கணிப்பது எவ்வாறு?

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளாக இருந்தது. 2016-20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுத் திட்டத்தின் மதிப்பீட்டில் அது 70 ஆண்டுகளை எட்டியது. கொள்ளை நோய்களைக் கட்டுப்படுத்தியதும், பிரசவகால மரணங்களைக் குறைத்ததும், உணவு உற்பத்தி பெருகியதும் இவ்வெற்றிக்குக் காரணங்கள். இந்த வெற்றியில் பெண்களின் பங்கு சற்று அதிகம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 10.4 கோடிப் பேர். அவர்களுள் பெண்கள் சுமார் 5.3 கோடி, ஆண்கள் 5.1 கோடி. 2031இல் முதியோரின் தொகை 19 கோடியைத் தாண்டும் என்று 2020இல் வெளியான அரசின் முன்மதிப்பீடு கூறுகிறது.

ஆயுள் நீண்டால் போதுமா? நீண்ட ஆயுளைத் தம் காலில் நின்று வாழ முடிகிறதா என்பதே அடுத்த வினா. இவ்வினாவுக்கு விடையாக அமையும் நிகழ்ச்சிகளுள் ஒன்று, பெரும்பாலோர் அற்பமென்று கருதும் 'கீழே விழுதல்' ஆகும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் தெரிவித்தபடி, ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்ததனால் உயிரிழக்கின்றனர். இம்மரணங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில் நேர்கின்றன. 65 வயது கடந்தோரில் 28 முதல் 35 விழுக்காட்டினர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழுகின்றனர் என்பது அந்நிறுவனம் 2007இல் வெளியிட்ட அறிக்கையின் கணிப்பு. வயது 70ஐக் கடந்தால் இது 32 முதல் 42 விழுக்காடாகிறது.

'வயதானால் விழத்தான் செய்வார்கள்' என்று நம்மிடையே சொல்லப்படுவதுண்டு. இது சரியான கருத்தன்று. பெரும்பாலான விழுதல்களுக்கு முன்கூட்டியே அறியத்தக்க காரணங்கள் உள்ளன. அவற்றை அறிய விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை; ஒரு நாற்காலி, ஓர் அளவு நாடா, விநாடி காட்டும் ஒரு கடிகாரம், இரத்த அழுத்தமானி ஆகியவை போதும். பெங்களூரு நகரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெண்களுக்கு ஏன் அபாயம் அதிகம்?

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் பெண்களின் எலும்புகள் விரைவாகச் சத்திழக்கின்றன. எலும்புப்புரை என்னும் இந்நிலை வலியின்றியே வளரும். முதல் அறிகுறியே எலும்பு முறிவாக இருக்கக்கூடும். இளம் வயதிலேயே பெண்களின் தசைவலிமை ஆண்களைவிடக் குறைவு என்பதால், முதுமையில் ஏற்படும் தசை இழப்பு அவர்களை விரைவில் பாதிக்கிறது. முழங்கால் மூட்டுத் தேய்மானமும் பெண்களிடையே மிகுதி. ஆகவே ஆணும் பெண்ணும் ஒரே விதமாக விழுந்தாலும், எலும்பு முறிவுடன் எழுபவர் பெரும்பாலும் பெண்ணே.

அடுத்தது வேலையின் தன்மை. பெங்களூரின் மல்லேஸ்வரம், பசவனகுடி, ஹலசூரு போன்ற பழைய பகுதிகளில் விடியுமுன் வாசல் கழுவிக் கோலமிடுவது இன்றும் பல இல்லங்களில் மூத்த பெண்மணியின் பொறுப்பாகவே உள்ளது. ஈரமான வாசற்படி, குறைந்த வெளிச்சம், குனிந்து நிமிரும் அசைவு, காலில் தட்டும் புடவைக் கரை ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் கூடுகின்றன. பரணிலிருந்து பாத்திரம் எடுக்க முக்காலியில் ஏறுதல், மொட்டை மாடியில் துணி உலர்த்துதல், வழவழப்பான தரையுடைய குளியலறை, நள்ளிரவில் அவசரமாகக் கழிப்பறைக்குச் செல்லுதல் ஆகியவை வீட்டுக்குள் உள்ள பிற அபாயங்கள்.

வெளியே வந்தாலோ, நடைபாதையில் பெயர்ந்த கற்பலகைகளும், மரவேர்களால் எழும்பிய தளமும், மழைக்காலத்துப் பாசியும் காத்திருக்கின்றன. 2023 ஜூன் மாதம் கர்நாடக அரசு தொடங்கிய 'சக்தி' திட்டத்தினால் பெண்கள் அரசுப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். மூதாட்டியரின் நடமாட்டத்துக்கு இது பெரும் உதவி. எனினும் பேருந்தின் உயரமான முதற்படியை ஏற வலுவில்லாத கால்களுக்கு இச்சலுகை முழுப்பயன் தருவதில்லை.

எலும்பு முறிவின் விளைவை மருத்துவச் செலவைக் கொண்டு மட்டும் அளவிடலாகாது. இடுப்பு எலும்பு முறிந்த முதியோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஓராண்டுக்குள் இறப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. பிழைத்தவர்களிலும் பலர் முன்போல் தனித்து நடமாடுவதில்லை. பராமரிக்கும் பொறுப்பு மகளின்மீதோ மருமகளின்மீதோ விழுகிறது. அவர் வேலையை விட நேர்ந்தால் குடும்பத்தின் வருமானமும் குறைகிறது. இவ்விழப்பு எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை.

மூன்று வினாக்கள்

கணிப்பின் முதற்படி வினவுதல். பல நாடுகளின் முதுமை மருத்துவ வல்லுநர்கள் கூடி 2022இல் வெளியிட்ட உலக வழிகாட்டு நெறிகள் மூன்று வினாக்களைப் பரிந்துரைக்கின்றன. கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தள்ளாடுவதாக உணர்கிறீர்களா? விழுந்துவிடுவோமோ என்ற கவலை உண்டா? இம்மூன்றில் எதற்கேனும் 'ஆம்' என்று விடை வந்தால் மேற்கொண்டு ஆராய்தல் வேண்டும்.

இவற்றுள் ஒன்று நம் நாட்டில் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது என்பது பலர் அறியாத செய்தி. ஆஷா பணியாளர்கள் வீடுதோறும் நிரப்பும் சமுதாய அளவிலான மதிப்பீட்டுப் படிவத்தில், 60 வயது கடந்தோருக்கெனச் சில வினாக்கள் தனியே உள்ளன. 'நிற்கும்போதோ நடக்கும்போதோ தள்ளாட்டம் உண்டா?' என்பது அவற்றுள் ஒன்று. மீதமுள்ள இரண்டையும் சேர்த்துக் கேட்கப் புதிய ஊழியரோ புதிய படிவமோ தேவையில்லை. இரண்டு நிமிடங்களே தேவை.

ஆனால் கேட்கும் முறையில் கவனம் வேண்டும். 'விழுந்தீர்களா?' என்று நேரடியாகக் கேட்டால், 'இல்லை' என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். விழுந்ததைச் சொன்னால் இனிச் சமைக்க விடமாட்டார்கள், கோயிலுக்குத் தனியே அனுப்பமாட்டார்கள் என்று மூதாட்டியர் அஞ்சுவதே காரணம். அவ்வச்சம் நியாயமற்றது என்று கூற இயலாது. ஆகவே, 'கால் வழுக்கிற்றா, தடுக்கிற்றா, தலை சுற்றித் தரையில் உட்கார நேர்ந்ததா?' என்று பிரித்துக் கேட்பது நலம். அடிபடாவிட்டாலும், எண்ணாமல் தரையிலோ தாழ்ந்த இடத்திலோ சென்று சேர்ந்தால் அது விழுதலே. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது ஆகிய மொழிகள் வழங்கும் பெங்களூரில் அவரவர் தாய்மொழியில் கேட்பதும், குடும்பத்தார் அருகில் இல்லாத நேரத்தில் கேட்பதும் பயனளிக்கும்.

அளந்தறியும் முறைகள்

வினாக்களை அடுத்து வருவது அளவீடு. எளிய அளவீடுகள் நான்கினைக் காண்போம்.

முதலாவது, நடைவேகம். சமதளத்தில் 4 மீட்டர் தூரத்தைக் குறித்து, வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்ல வேண்டும். 5 விநாடிகளில் நடந்தால் வேகம் விநாடிக்கு 0.8 மீட்டர். இந்த அளவோ இதற்குக் குறைவோ இருந்தால் அபாயம் உண்டெனக் கொள்ளலாம்.

இரண்டாவது, எழுந்து நடந்து திரும்பும் சோதனை. கனடா நாட்டில் உருவாகி 1991இல் வெளியிடப்பட்ட முறை இது. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காருவதற்கு ஆகும் நேரம் கணக்கிடப்படுகிறது. 2022ஆம் ஆண்டு நெறிகள் 15 விநாடிகளுக்கு மேற்பட்டால் அபாயம் என்கின்றன; அமெரிக்க நோய்த்தடுப்பு மையங்களின் முறையில் 12 விநாடிகளே எல்லை.

மூன்றாவது, 30 விநாடி நாற்காலிச் சோதனை. கைகளை மார்பின்மீது குறுக்காக வைத்துக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். அதே அமெரிக்க முறைப்படி, 65-69 வயதுப் பெண்களுக்கு 11க்குக் குறைவும், 70-79 வயதினருக்கு 10க்குக் குறைவும், 80-84 வயதினருக்கு 9க்குக் குறைவும் கால் வலுக்குறைவைக் காட்டும்.

நான்காவது, இரத்த அழுத்தம். படுத்திருக்கையில் ஒருமுறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மறுபடியும் அளத்தல் வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எழும்போது தலை சுற்றி விழும் வாய்ப்பு உண்டு.

சோதனையின்போது நாற்காலி சுவரை ஒட்டி இருக்க வேண்டும். சோதிப்பவர் கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். மூதாட்டி தாம் வழக்கமாக அணியும் காலணியுடனேயே நடக்க வேண்டும். விழும் அபாயத்தை அளக்கப்போய் விழச் செய்துவிடலாகாது.

ஓர் எடுத்துக்காட்டு

ஹலசூருவில் மகன் வீட்டில் வாழும் 72 வயது மூதாட்டி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். எட்டு மாதங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கினார், அடிபடவில்லை, தாமாகவே எழுந்துவிட்டார், எவரிடமும் சொல்லவில்லை. 4 மீட்டர் நடக்க 6 விநாடி ஆகிறது. அதாவது வேகம் விநாடிக்கு 0.67 மீட்டர். 30 விநாடிகளில் 7 முறையே எழ முடிகிறது. படுத்திருக்கையில் 138ஆக இருந்த இரத்த அழுத்தத்தின் மேல் அளவு, நின்றதும் 114ஆகக் குறைகிறது. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகளும் உறக்கத்துக்கு ஒரு மாத்திரையும் உட்கொள்கிறார். வலக்கண்ணில் புரை உள்ளது.

இவரை எப்பிரிவில் சேர்ப்பது? உலக நெறிகளின்படி, விழுந்து காயமுற்றவர், ஓராண்டில் இருமுறையோ அதற்கு மேலோ விழுந்தவர், உடல் மிக நலிந்தவர், விழுந்தபின் தாமே எழ இயலாதவர், நினைவிழந்து விழுந்தவர் ஆகியோர் மிகுந்த அபாயப் பிரிவினர். ஒருமுறை மட்டும் காயமின்றி விழுந்து, நடையும் சமநிலையும் குறைந்தவர் இடைநிலைப் பிரிவினர். நடையும் சமநிலையும் நன்றாக இருப்பின் குறைந்த அபாயப் பிரிவு. நம் மூதாட்டி இடைநிலைப் பிரிவைச் சார்ந்தவர். எனினும் பிரிவின் பெயரைவிட முக்கியமானது, அவரிடம் மாற்றத்தக்க காரணங்கள் நான்கு தெரியவந்தன என்பதே: வலுவிழந்த கால்கள், மறுபரிசீலனை வேண்டிய மாத்திரைகள், கண்புரை, வழுக்கும் குளியலறை.

சோதனைகளின் வரம்புகள்

இச்சோதனைகளை அளவுக்கு மீறி நம்புவதும் தவறு. எழுந்து நடந்து திரும்பும் சோதனையை மட்டும் கொண்டு, சமுதாயத்தில் தனித்து இயங்கும் முதியவர்களுள் யார் விழுவார் என்று திட்டமாகக் கூற இயலாது என்பது பிந்தைய ஆய்வுகளின் முடிவு. 'முன்பு விழுந்ததுண்டா' என்ற வினாவே எந்த ஒரு தனிச் சோதனைக்கும் குறையாத குறிப்பைத் தருகிறது. ஆகவே வினா, அளவீடு, மருந்து, பார்வை, வீட்டுச் சூழல் ஆகிய அனைத்தையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. மேற்கூறிய எல்லை அளவுகள் நாற்காலியில் அமர்ந்து பழகிய மேனாட்டு மக்களிடையே வகுக்கப்பட்டவை. தரையில் அமர்ந்து எழும் பழக்கமும், குறைந்த உயரமும், புடவை அணிந்து நடக்கும் நடையும் கொண்ட நம் பெண்களுக்கு இவை அப்படியே பொருந்துமா என்பது ஆய்வுக்குரியது. பெங்களூரில் இதற்கான நிறுவனங்களுக்குக் குறைவில்லை. நரம்பியல் துறையில் புகழ்பெற்ற நிம்ஹான்ஸ் இங்குள்ளது. இந்திய அறிவியல் நிறுவன வளாகத்தில் உள்ள மூளை ஆய்வு மையம், பெங்களூரு நகரத்தாரிடமும் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் வட்டாரக் கிராம மக்களிடமும் முதுமை பற்றிய நீண்டகால ஆய்வுகளை நடத்தி வருகிறது. வி.கே.ஆர்.வி. ராவ் 1972இல் நிறுவிய சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனம் முதியோர் நிலை குறித்த ஆய்வில் அனுபவம் உடையது. நம் மூதாட்டியருக்கு உரிய எல்லை அளவுகளை வகுப்பது இத்தகைய நிறுவனங்கள் இணைந்து செய்யத்தக்க பணி.

கணித்தபின் செய்ய வேண்டியவை

கணிப்பு செயலில் முடியாவிட்டால் அது வெறும் புள்ளிவிவரமே. நல்வாய்ப்பாக, பயன் தரும் வழிகள் எவை என்பது தெளிவாகியுள்ளது. சமநிலையையும் கால் வலுவையும் வளர்க்கும் உடற்பயிற்சியினால் விழுதல்களின் எண்ணிக்கை 23 விழுக்காடு குறைவதாக 2019ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியது. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துதல், நாற்காலியிலிருந்து பலமுறை எழுதல், சுவரை ஒட்டி ஒரு காலின் முன் மறுகாலை வைத்து நடத்தல் ஆகியவை வீட்டிலேயே செய்யக்கூடியவை. தொடக்கத்தில் ஓர் இயன்முறை மருத்துவர் கற்றுத்தருவது நலம். தொடர்ந்து செய்தால்தான் பயன் நிலைக்கும்.

பார்வையைச் சீர்செய்தலும் பயன் தரும். இங்கிலாந்தில் 70 வயது கடந்த பெண்களிடையே நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், முதற்கண் புரை அறுவையை விரைவில் செய்துகொண்டவர்கள் விழுவது 34 விழுக்காடு குறைந்தது. பெங்களூரில் மின்டோ அரசு கண் மருத்துவமனை இத்தகைய சேவைக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது.

உறக்க மாத்திரைகளையும் இரத்த அழுத்த மாத்திரைகளையும் மருத்துவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும். நோயாளி தாமாக நிறுத்துதல் கூடாது. 65 வயது கடந்த பெண்களுக்கு எலும்பின் அடர்த்தியை அளந்து, தேவைப்பட்டால் சிகிச்சை தருவது, விழுந்தாலும் எலும்பு முறியாமல் காக்கும்.

வீட்டில் உள்ள அபாயங்களை நீக்கினால், ஏற்கெனவே அபாயம் மிகுந்தவர்களிடம் விழுதல்கள் 38 விழுக்காடு குறைவதாக 2023ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு கூறுகிறது. குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பி, வழுக்காத விரிப்பு, கழிப்பறை செல்லும் வழியில் இரவு விளக்கு, அன்றாடப் பாத்திரங்களைப் பரணிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு மாற்றுதல் ஆகியவையே பெரும்பாலும் போதும். கோலத்தை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. வாசல் உலர்ந்தபின், வெளிச்சம் வந்தபின், புடவையைச் சற்று உயர்த்திக் கட்டிக்கொண்டு இடச் சொல்லலாம்.

நிருவாகத்தின் பொறுப்பு

முதியோர் நலனுக்கான தேசியத் திட்டம் 2010-11இல் தொடங்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரந்தோறும் முதியோர் மருத்துவப் பிரிவும், மாவட்ட மருத்துவமனைகளில் 10 படுக்கைகள் கொண்ட தனிப்பிரிவும் அமைப்பது அதன் நோக்கங்களுள் அடங்கும். ஆஷா பணியாளர் வினவுதல், நகரின் 'நம்ம கிளினிக்' அல்லது சுகாதார நிலையத்தில் செவிலியர் அளத்தல், இடைநிலைப் பிரிவினருக்கு இயன்முறைப் பயிற்சி அளித்தல், மிகுந்த அபாயத்தினரை மருத்துவமனைக்கு அனுப்புதல் என இவற்றை ஒரே சங்கிலியாக இணைப்பது கடினமன்று.

செலவினக் கோணத்திலும் இதனை நோக்க வேண்டும். 2024 அக்டோபரில் மைய அரசு ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டை 70 வயதும் அதற்கு மேலும் ஆன அனைவருக்கும் விரிவுபடுத்தியது. இது வரவேற்கத்தக்க பாதுகாப்பு. ஆனால் மருத்துவமனைக் காப்பீடு எலும்பு முறிந்தபின் அறுவை சிகிச்சைக்கு உதவுமேயன்றி, முறியாமல் காக்கும் சில நூறு ரூபாய்க் கைப்பிடிக் கம்பிக்கு உதவாது. முன்தடுப்புக்கு ஒதுக்கும் சிறு தொகை பின்னர் பெருஞ்செலவைத் தவிர்க்கும் என்பது பொருளாதாரம் பயிலும் மாணவர் அறிந்த பாடமே.

சாலையும் சுகாதாரத்தின் பகுதியே. நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருத்தல் வேண்டும் என்பது இந்தியச் சாலைகள் பேரவையின் நெறி. 2025இல் பெங்களூரின் நிருவாகம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. பெயர்ந்த கற்பலகையைச் சரிசெய்யும் பொறியாளரும் எலும்பு முறிவைத் தடுக்கும் பணியில் பங்கு பெறுகிறார் என்பதை இவை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

முடிவுரை

விழுந்துவிடுவோம் என்று அஞ்சி வீட்டுக்குள் முடங்கும் மூதாட்டியின் கால்கள் மேலும் வலுவிழக்கின்றன. வலுவிழந்த கால்கள் மீண்டும் விழச் செய்கின்றன. இந்தச் சுழலை உடைப்பதே கணிப்பின் பயன். அவரை உட்கார வைப்பது நோக்கமன்று. பத்திரமாக நடக்க வைப்பதே நோக்கம். இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்களும் அலுவலர்களும் இன்று மாலை தம் இல்லத்திலுள்ள தாயிடமோ பாட்டியிடமோ அந்த மூன்று வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம். 'ஆம்' என்ற விடை வந்தால் அவரைக் கடிந்துகொள்ளாமல், ஒரு நாற்காலியையும் கடிகாரத்தையும் எடுத்து வருவதே முதல் பணியாகும்.